நின்ற லாரியும் துருப்பிடித்த டர்போவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. உரையாளர் 2010ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவில் பட்டம் பெற்றவர்.)

 

"உனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசுப்பா, அது போதும்" என்று சங்கச் செயலாளர் அண்ணன் சொன்னார். வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது டீசல் இன்ஜின். அதிலும் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக லாரி டர்போசார்ஜரைக் கழற்றுவதும், பார்ப்பதும், மாட்டுவதும்தான் என் பிழைப்பு. ஆகவே லாரி டர்போவில் பிடிக்கும் துருவைப் பற்றியும், அதனால் இறுகிப்போகும் பாகங்களைப் பற்றியும் பேசலாம் என்று இருக்கிறேன். இதில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் நினைக்கலாம். ஒரு லாரிக்காரரின் ஒரு மாத வருமானமும், மலைப்பாதையில் இறங்கும்போது அவருடைய உயிரும் இதில் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் மற்றப் பிரிவு நண்பர்களுக்காக இரண்டு வார்த்தை. இன்ஜினில் எரிந்து வெளியே போகும் புகையில் சூடும் வேகமும் மிச்சம் இருக்கிறது. அதைச் சும்மா விடாமல் ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் மோதவிட்டால் அது சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தினால், அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று அதிகம் போனால் அதிக டீசலைச் சுத்தமாக எரிக்கலாம், அதே இன்ஜினில் கூடுதல் சக்தி கிடைக்கும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றார். 1938இல் அதே நாட்டின் சாரர் நிறுவனம் டர்போ பொருத்திய லாரி இன்ஜினைக் கொண்டுவந்தது. நம் ஊர் லாரிகளில் இது பரவலானது 2000க்குப் பிறகு, புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒவ்வொன்றாக இறுகியபோதுதான்.

இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை சுற்றும். மேடேறும்போது அதன் மேல் அடிக்கும் புகையின் வெப்பம் 600, 700 டிகிரி செல்சியஸைத் தொடும். தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி, அதில் ஓர் ஆயில் படலம். இதையெல்லாம் கேட்டால், டர்போ கெட்டுப்போனது என்றாலே இந்தத் தண்டும் சக்கரமும்தான் போயிருக்கும் என்று தோன்றும். பட்டறைக்கு வரும் லாரிக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நான் பிரித்துப் பார்த்ததில் கணிசமானவற்றில் தண்டு நன்றாகவே இருந்தது. விரலால் தள்ளினால் பம்பரம் மாதிரி சுற்றும். அசையாமல் நின்றது பக்கத்தில் இருக்கிற வேறு ஒரு சின்னப் பாகம்.

அந்தப் பாகங்கள் மூன்று. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது வேஸ்ட்கேட். டர்போ தேவைக்கு மேல் காற்றை அமுக்கிவிடாமல் இருக்க, புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்துக்குக் காட்டாமல் வேறு வழியாக அனுப்பும் சின்னக் கதவு இது. ஒரு ஊசித்தண்டில் தொங்கும். அந்தத் தண்டு ஒரு புஷ்ஷுக்குள் சுழலும். வெளியே ஒரு கம்பியும், ஸ்பிரிங் வைத்த ஒரு டப்பாவும் இருக்கும். காற்றழுத்தம் ஏறினால் டப்பா கம்பியைத் தள்ளும், கதவு திறக்கும்.

இரண்டாவது, சில இன்ஜின்களில் வரும் வி.ஜி.டி. என்கிற மாறும் வாய் கொண்ட டர்போ. இதில் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள் இருக்கும். ஒரு வளையம் திரும்பினால் எல்லா இதழ்களும் ஒன்றாகத் திரும்பும். வேறு சில வகைகளில் இதழ் அசையாது, வளையம் முன்னும் பின்னும் நகரும். தண்ணீர்க் குழாய் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் வேகமாகப் பீச்சி அடிக்கும் அல்லவா, அதே வேலைதான். இன்ஜின் மெதுவாக ஓடும்போது வாய் குறுகும், வேகமாக ஓடும்போது விரியும்.

மூன்றாவது எக்ஸாஸ்ட் பிரேக். பல லாரிகளில் இது டர்போவுக்கு அடுத்துப் புகைக் குழாயில் இருக்கும் ஒரு வட்டத் தகடு. டிரைவர் போட்டால் தகடு மூடிப் புகையை மறிக்கும், இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். வி.ஜி.டி. உள்ள சில இன்ஜின்களில் இந்த வேலையையும் அந்த இதழ்களே செய்துவிடும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு சங்கடம் உண்டு. மூன்றும் நெருப்பு மாதிரியான புகையிலேயே குடியிருக்கின்றன. ஆயில் விட்டால் கருகிக் கரியாகும், கிரீஸ் வைத்தால் அதுவும் கரியாகும். ஆக, உயவு எண்ணெய் இல்லாமல் இரும்பு இரும்போடு உரசித்தான் வேலை செய்ய வேண்டும். இடைவெளியை அதிகம் வைக்கவும் முடியாது, புகை கசிந்துவிடும். அப்படியானால் இவை இறுகாமல் இருப்பது எதனால்? அசைந்துகொண்டே இருப்பதால். இந்தப் பாகங்களுக்கு அசைவுதான் எண்ணெய். நம் வீட்டுக் கலப்பையின் கொழுவைப் பார்த்திருப்பீர்கள். உழவு நடக்கிற மாதத்தில் வெள்ளி மாதிரி மின்னும். ஆறு மாதம் மூலையில் சாய்த்து வைத்தால் செம்பழுப்பாகிவிடும். அதே கதைதான் இங்கேயும்.

சரி, இவ்வளவு சூட்டில் துரு எப்படி வரும், தண்ணீர் ஏது என்று ஒரு தம்பி கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். அதில் 13 சதவீதம் ஹைட்ரஜன், அதாவது 108 கிராம் அளவு. ஒரு கிராம் ஹைட்ரஜன் எரிந்தால் 9 கிராம் தண்ணீர். பெருக்கிப் பாருங்கள், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது! ஓடுகிற வண்டியில் அந்த ஆவி சூடாகவே சைலன்சர் வழியாகப் போய்விடும். வண்டியை நிறுத்தினால் மிச்சமிருக்கிற ஆவி உள்ளே குளிர்ந்து, வியர்த்து, நீர்த்துளியாக நிற்கும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் முனையில் சொட்டுவது அதுதான்.

அதோடு கந்தகமும் உண்டு. டீசலில் இருக்கும் கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். இன்று நாம் போடும் பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். பி.எஸ்.4 டீசலில் 50, அதற்கு முந்தைய பி.எஸ்.3 டீசலில் 350 வரை இருந்தது. இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் கரி இருக்கிறதே! கரி ஒரு பஞ்சு மாதிரி. ஈரத்தையும் இருக்கிற கொஞ்ச நஞ்ச அமிலத்தையும் உறிஞ்சி இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும்.

டர்போவின் வெளிக்கூடு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதற்கு இரண்டு விதமான துரு வரும். ஒன்று சூட்டில் வரும் வறட்டுத் துரு. இரும்பு பழுக்கிற சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில் ஒன்று இதழ்களின் நடுவே போய் மாட்டினால் வளையம் திரும்பாது. இன்னொன்று குளிரில் வரும் ஈரத் துரு. இதுதான் அதிகத் தொல்லை. இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் ஊதும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி உள்ள புஷ்ஷுக்குள்ளே இரண்டு பக்கமும் இப்படி ஊதினால் என்ன ஆகும்? ஆப்பு அடித்த மாதிரி இறுகும். மழையில் ஊறிய மரக்கதவு நிலையில் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம், அதே மாதிரி. ஒரே வித்தியாசம், மரக்கதவு வெயில் வந்தால் சரியாகிவிடும், துரு சரியாகாது.

இப்போது ஒரு உண்மைச் சம்பவம் சொல்கிறேன். சங்ககிரிப் பக்கம் ஒரு அண்ணன். ஒரே ஒரு லாரி, அவரே முதலாளி, அவரே டிரைவர். இங்கிருந்து மகாராஷ்டிராவுக்கு ஜவ்வரிசி ஏற்றிப்போவார், திரும்பும்போது வெங்காயம். 2021 மழைக்காலத்தில் உடம்புக்கு முடியாமல் இரண்டரை மாதம் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டார். அந்த வருஷ மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டி கெட்டுவிடக் கூடாது என்று மகனிடம் சொல்லி, தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். பையனும் ஒருநாள் தவறாமல் செய்தான்.

உடம்பு தேறி முதல் லோடு ஏற்றினார். சமதளத்தில் ஓடியது. ஒரு நல்ல மேடு வந்ததும் கொஞ்ச நேரம் இழுத்த வண்டி, அதற்குப் பிறகு பிக்கப்பே இல்லாமல் திணறியது. வழியில் ஒரு பட்டறையில் காட்டினார். "டர்போ போச்சுங்க, மாத்தணும்" என்றார்கள். லோடு கையில் இருக்கிறது, ஜவ்வரிசிக்காரர் போன் மேல் போன் போடுகிறார். வேறு வழி? மாற்றினார். பையனின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதற்குப் போனது. பழைய டர்போவைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, "தம்பி, இதுல என்னதான் போச்சுன்னு பாருங்க, எனக்குத் தெரியணும்" என்று என் முன்னால் வைத்தார்.

பார்த்தேன். தண்டு சுத்தமாகச் சுற்றியது. முன்பின் ஆட்டம் இல்லை. சக்கரத்தின் இறக்கை எதுவும் கூட்டில் உரசவில்லை. வேஸ்ட்கேட் கதவு மட்டும் பாதி திறந்தபடி அசையாமல் நின்றது. நடந்தது இதுதான். வண்டி நின்றபோது கதவு மூடியிருந்தது, அப்படியே புஷ்ஷுக்குள் துரு பிடித்தது. மேட்டில் காற்றழுத்தம் எகிறி, அந்த வேகத்தில் டப்பா கம்பியைத் தள்ளிக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் திரும்ப மூட வேண்டியது ஸ்பிரிங். துருவை மீறி இழுக்க அதற்கு வலு போதவில்லை. கதவு திறந்தே நின்றது. புகையில் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமல் பக்கவழியாகவே ஓடியது. டர்போ சாகவில்லை, அதற்குச் சாப்பாடு போகவில்லை, அவ்வளவுதான்.

துருவை இளக்கும் ஆயிலை அந்த ஊசித்தண்டில் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். காலையில் லேசாகச் சூடு காட்டி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்ட ஆட்ட விட்டுக்கொடுத்தது. செலவு ஒரு டப்பா ஆயில். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கம்பியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பட்டறைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இழுவை இல்லை என்றால் டர்போவை மாற்று என்பது இன்று பழக்கமாகிவிட்டது. முழுசாக மாற்றினால் நேரம் மிச்சம், கேள்வி இல்லை. ஆனால் பில் தொகை யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பத்து லாரி வைத்திருப்பவர் தாங்குவார். ஒற்றை லாரிக்காரர் தாங்குவாரா?

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று அந்த ஐந்து நிமிஷ ஸ்டார்ட். நல்ல எண்ணத்தில் செய்தது, கெடுதலில் முடிந்தது. ஐந்து நிமிஷத்தில் பேட்டரிகூடச் சரியாகச் சார்ஜ் ஏறாது. புகைப் பாதை காய்கிற அளவுக்குச் சூடு வராது. கதவோ இதழோ அசைகிற அளவுக்கு அழுத்தமும் வராது. ஆனால் தினமும் புதிதாகக் கொஞ்சம் நீராவியும் கொஞ்சம் கரியும் உள்ளே போகும். பிறகு நிறுத்திவிடுகிறோம். அதாவது தினமும் ஒருமுறை தண்ணீர் தெளித்து வைத்த மாதிரி! ஸ்டார்ட் செய்யாமலே விட்டிருந்தால்கூட இதைவிடக் குறைவாகத்தான் துரு பிடித்திருக்கும்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தபோது லட்சக்கணக்கான வண்டிகள் நின்றன. அதற்குப் பிந்தைய மாதங்களில் நான் பார்த்த இறுகல் கேஸ்கள் பல இந்த வகைதான். இன்றைக்கும் நிற்கிற வண்டிகள் நம்மைச் சுற்றி உண்டு. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் மழைக்காலத்தில் வேலை குறைந்து நிற்கும். தூத்துக்குடியில் உப்பு ஏற்றும் லாரிகளுக்கு உப்புக் காற்று சேர்த்தி, துரு இன்னும் வேகம். துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் வரிசையில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் கன்டெய்னர் வண்டிகளுக்குக் கரி அதிகம். ஏன், நம் கல்லூரி பஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் லீவு முழுக்க வேப்பமரத்தடியில் நிற்கின்றன.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். வேஸ்ட்கேட் இறுகினால் மேட்டில் தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் பிரேக் தகடு திறந்த நிலையில் இறுகினால் மேட்டில் தெரியாது, சமதளத்திலும் தெரியாது. வண்டி நன்றாகவே ஓடும். இறக்கத்தில்தான் தெரியும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தை இங்கே அறியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். முழு லோடோடு இறங்கும் லாரியை இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் மொத்தப் பாரமும் சக்கர பிரேக் மேல் விழும். டிரம் சூடேறும், லைனிங் வழுக்கும், மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. அந்த நேரத்தில் டிரைவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை. துரு பிடித்த ஒரு விரல் கனத் தண்டு இதற்குக் காரணமாகலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே நான் போகிற இடமெல்லாம் டிரைவர் அண்ணன்மார்களிடம் சொல்வது, மலை இறங்குவதற்கு முன்னால் சமதளத்தில் ஒருமுறை எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, வண்டி இழுத்துப் பிடிக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான். அரை நிமிஷ வேலை. அதேபோல் இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். நியூட்ரலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை, எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இனி, டர்போவை மாற்று என்று சொல்வதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்? படிக்கிற தம்பி தங்கைகள் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று, டர்போவைத் தொடுவதற்கு முன்னால் காற்று வழியைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா? பழி டர்போ மேல் விழும், குற்றவாளி ஒரு ரப்பர் ஹோஸாக இருக்கும்.

இரண்டு, வேஸ்ட்கேட் டப்பாவுக்கு அளவோடு காற்று கொடுத்துக் கம்பி நகர்கிறதா, காற்றை விட்டால் முழுசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்புவதுதான் முக்கியம். இங்கே ஒரு எச்சரிக்கை. லாரியின் பிரேக் டேங்கில் 8 பார் அளவு காற்று இருக்கிறதே என்று அதிலிருந்து நேராகக் குழாய் போட்டுவிடாதீர்கள். அந்த டப்பா அதில் நாலில் ஒரு பங்கு அழுத்தத்துக்கே செய்தது, உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிடும். ரெகுலேட்டரும் கேஜும் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

மூன்று, வி.ஜி.டி.யாக இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு இணைப்புக் கம்பியைக் கழற்றி, வளையத்தின் நெம்புகோலைக் கையால் கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். எங்கே சிக்குகிறது என்று கை சொல்லும். கையால் நன்றாக நகர்ந்தால் கோளாறு மோட்டாரிலோ வயரிலோ இருக்கும். எலக்ட்ரானிக் மோட்டார் உள்ளதைக் கழற்றினால், மாட்டும்போது ஸ்கேனர் வைத்து அளவு சொல்லித்தர வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கழற்ற வேண்டாம்.

நான்கு, தண்டைப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், ஆயில் படலத்துக்கு இடம் வேண்டும். முன்பின் ஆட்டம் கையில் தெரியும்படி இருந்தாலோ, இறக்கை கூட்டில் உரசியிருந்தாலோ, அப்போது மாற்றத்தான் வேண்டும். அதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

ஐந்து, மாற்றினாலும் சரி, இளக்கினாலும் சரி, ஏன் இறுகியது என்று கேளுங்கள். நின்றதாலா, சும்மா ஓடவிட்டதாலா, அல்லது ஈ.ஜி.ஆர். கூலரில் முடி போன்ற விரிசல் விழுந்து கூலன்ட் புகைப் பாதைக்குள் கசிகிறதா? ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, கீழே எங்கும் ஒழுகவில்லை என்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புது டர்போ போட்டால், அதுவும் அதே வழியில் போகும்.

செய்யக் கூடாதவையும் சில உண்டு. சுத்தியலால் தட்டாதீர்கள். சக்கரத்தின் இறக்கைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், ஒரு லட்சம் சுற்றில் சின்னக் கீறலும் சமநிலையைக் கெடுக்கும். கரி போகட்டும் என்று காஸ்டிக் கலந்த பொருளை ஊற்றாதீர்கள், காற்றுப் பக்கம் அலுமினியம், அது அரித்துப்போகும். இளகிவிட்டதே என்று கிரீஸ் பூசி அனுப்பாதீர்கள், இரண்டு நாளில் கருகி முன்னைவிட இறுகும். கூட்டைப் பிரிக்கும் முன் எந்த நிலையில் இருந்தது என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். வண்டியை நிறுத்தி வைக்க வேண்டி வந்தால், தினமும் ஐந்து நிமிஷம் வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை முடிந்தால் லோடோடு, இல்லையென்றால் ஒரு நல்ல மேடு இருக்கிற ரோட்டில், 20, 30 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். எல்லாம் சூடேறி, காய்ந்து, கதவும் இதழும் ஒருமுறை முழுக்க அசைந்துவிடும். போகும்போது எக்ஸாஸ்ட் பிரேக்கையும் நாலைந்து தடவை போடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் என்றால் சைலன்சர் வாயை மூடி வையுங்கள், ஸ்டார்ட் செய்யும் முன் எடுக்க மறக்காமல் சாவியில் ஒரு துணி கட்டிவிடுங்கள். டிராக்டர் சைலன்சர் மேல் தகரடப்பாவைக் கவிழ்த்து வைக்கும் நம் விவசாயிக்கு இது எப்போதோ தெரியும்.

மேடேறி வந்த வண்டியை உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிடுங்கள், பேரிங்கில் ஆயில் கருகாமல் இருக்கும். ஆனால் இரண்டு நிமிஷம் நல்லது என்பதால் அரை மணி நேரம் ஓடவிடுவது இன்னும் நல்லது என்று ஆகாது. சும்மா ஓடினால் சூடு குறையும், கரி சேரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் பேட்டரி கட்டாஃப் சுவிட்சை உடனே அணைக்காதீர்கள். யூரியா கரைசல் குழாய்க்குத் திரும்ப வேலை இருக்கிறது. சில இன்ஜின்களில் டர்போ இதழ்களைக் கடைசி வரை ஒருமுறை திருப்பிப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. ஓரிரு நிமிஷம் பொறுங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு எங்கெங்கோ தேடுகிறீர்கள். முதல்வர் அவர்களின் அனுமதியோடு, அடுத்த லீவில் நம் கல்லூரி பஸ்களையே எடுத்துக்கொள்ளுங்கள். லீவுக்கு முன்னால் ஒவ்வொரு பஸ்ஸிலும் வேஸ்ட்கேட் எந்த அழுத்தத்தில் நகர ஆரம்பிக்கிறது, எந்த அழுத்தத்தில் திரும்புகிறது என்று குறித்து வையுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் தகட்டையும் பாருங்கள். சில பஸ்களை ஐந்து நிமிஷ முறையிலும், சிலவற்றைப் பதினைந்து நாளுக்கு ஒரு ஓட்டம் என்ற முறையிலும் வைத்திருந்து, லீவு முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். தேவைப்படுவது ஒரு கை பம்ப், ஒரு கேஜ், ஒரு டயல் இண்டிகேட்டர், ஒரு நோட்டுப் புத்தகம். நான் சொன்னது சரியா தவறா என்பதும் தெரிந்துவிடும். அளவுக் கருவிகள் வாங்கும் செலவை எங்கள் 2010 நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம், என் பக்கத்து இருக்கைக்காரர் இப்போதுதான் தலையசைத்தார்.

வேலைக்குப் போன பிறகும் ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் கையெழுத்தில்தான் "மாற்ற வேண்டும்" என்ற தாள் போகும். அந்தக் கையெழுத்தைப் போடும் முன், கம்பியை ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்து நாம் எங்கே கொண்டுபோகப் போகிறோம்? எதிரில் நிற்பவர் ஆங்கிலத்தில் கேட்க மாட்டார், கேஜ் அளவு கேட்க மாட்டார். "தம்பி, மாத்தித்தான் ஆகணுமா?" என்று மட்டும் கேட்பார். அதற்கு உண்மையான பதில் சொல்லத்தான் இந்தக் கல்லூரி நமக்கு நாலு வருஷம் பாடம் நடத்தியது.